பிளேஸ்டோ தலைவர் தேர்தலும் பதினொரு புள்ளிகளும்

1

போன வாரம் திருச்சியிலிருந்து பாஸ்கர் போன் செய்தான். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் என் அறையில் இருந்தவன். "ஏன்டா, உங்க ஊர் அதிபர் தேர்தல்ல ஒரே கட்சிக்காரங்களே அடிச்சிக்கிறாங்களாமே, நீ யார் பக்கம்?" என்று கேட்டான். அது அமெரிக்கா, நான் இருப்பது லண்டன், இங்கே அதிபரே கிடையாது என்று சொன்னேன். எல்லாம் இங்கிலீஷ் பேசுகிற ஊர்தானே என்று விட்டுவிட்டான். நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அமெரிக்காவில் புயல் அடித்தால் ஜன்னலை மூடிவைக்கச் சொல்லி எனக்குத்தான் செய்தி அனுப்புவான்.

போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்டது ஒரு விதத்தில் சரிதான். ஒரே கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்ட தலைவர் தேர்தல் ஒன்று எங்கள் பிளேஸ்டோவிலும் நடந்தது. அதைப் பற்றிப் பாஸ்கரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்; நீங்கள் யாரும் என்னை நேரில் பார்க்கப் போவதில்லை.

நான் திருச்சிக்காரன். ரயில் சிக்னல் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி, மருந்தகத்தில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், நிலா, ஒன்பது வயது. வீட்டில் நான் ஒரு தமிழும் சுகந்தி ஒரு தமிழும் பேசுகிறோம். நிலா இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் பதில் சொல்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "யா, ஆல்ரெடி" என்பாள். என்னிடம் அவள் ஒரு முழுத் தமிழ் வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. எழுவாயும் பயனிலையும் சேர்ந்த ஒன்று, நடுவில் இங்கிலீஷ் ஒட்டாமல், ஒன்றே ஒன்று. அதற்காக நான் ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

அந்த ஏக்கத்துக்கு இருந்த ஒரே மருந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. ஒரு ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் அவள் காதில் தமிழ் விழும். அது போதாது என்று எனக்குத் தெரியும். அதுவும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

2

பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாகத் தலைவர் பரமலிங்கம் அண்ணை. நல்ல மனிதர். கூட்டத்தில் எல்லோரையும் பேசவிடுவார். பேசி முடித்ததும் தான் முதலிலேயே முடிவு செய்துவைத்திருந்ததை அறிவிப்பார். இவ்வளவு காலமும் அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. நின்றால் ஹாலைத் திறப்பது, பூட்டுவது, கவுன்சிலுக்குப் படிவம் நிரப்புவது எல்லாம் நம் தலையில் விழுமே என்ற பயம்தான்.

இந்த வருடம் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எங்கள் பள்ளியைச் சவுத்தாலில் இருக்கும் இன்னொரு தமிழ்ப் பள்ளியோடு இணைக்கப் போகிறாராம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், சேர்ந்தால்தான் பலம் என்றார். சவுத்தால் பள்ளியின் தலைவர் அவருடைய மச்சான் என்பதை அவர் சொல்லவில்லை. மற்ற எல்லோரும் சொன்னார்கள்.

பிளேஸ்டோ லண்டனின் கிழக்கு, சவுத்தால் மேற்கு. நடுவில் முழு லண்டனும் படுத்திருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை ஒன்றரை மணி நேரம் ஆகும். சுகந்திக்குச் சனிக்கிழமை வேலை. எனக்கும் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை ஷிப்ட். நிலாவிடம் கேட்டோம். சவுத்தால் என்றால் தமிழை விட்டுவிட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் போகிறேன் என்று சொன்னாள், இங்கிலீஷில். அவள் தலைகீழாக நிற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தமிழ் போய்விடும் என்பதுதான் கவலை.

நல்ல வேளையாக, பெற்றோரில் பாதிக்கு மேல் எங்கள் பக்கம். கணக்குப் பார்த்தால் பரமலிங்கம் அண்ணையைத் தோற்கடித்துவிடலாம். ஒரே ஒரு சிக்கல்: எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் தலைவராக நிற்க ஆசைப்பட்டார்கள்.

ஒருவர் யோகன் அண்ணை, பஸ் ஓட்டுநர். ஓட்டும்போது யாரோடும் பேசக் கூடாது என்பதால் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் சனிக்கிழமைகளில் எங்கள்மேல் இறக்குவார். இன்னொருவர் ரஞ்சினி அக்கா, பல் மருத்துவர். நாம் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைப் பார்ப்பார். இருவருடைய கொள்கையும் ஒன்றேதான்: பள்ளி பிளேஸ்டோவை விட்டு நகரக் கூடாது.

அப்படியானால் எதில் வேறுபாடு? ரோல்ஸில். யாழ்ப்பாணத்து ரோல்ஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உருளைக்கிழங்கும் இறைச்சியும் உள்ளே வைத்துச் சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தெடுப்பது. பள்ளியின் விளையாட்டுப் போட்டியன்று பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். சென்ற முறை அந்தப் பொறுப்பு ரஞ்சினி அக்காவிடம் போனது. அவர் ரோல்ஸுக்குப் பதிலாகக் கேரட்டை நீளநீளமாக நறுக்கி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார், பிள்ளைகளின் பல்லுக்கு நல்லது என்று. அன்றைக்குப் பிளந்ததுதான் எங்கள் கட்சி. நான் ரோல்ஸ் அணி. சுகந்தி கேரட் அணி.

3

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவன் நான்தான். அமெரிக்காவில் ஒரே கட்சியில் பலர் ஆசைப்பட்டால் முதலில் தங்களுக்குள் ஒரு தேர்தல் வைப்பார்கள், ஜெயித்தவர் பின்னால் எல்லோரும் நிற்பார்கள் என்று டிவியில் பார்த்ததைச் சொன்னேன். ஜெயித்தவர் பின்னால் நிற்கிற பகுதியை மட்டும் டிவியில் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அதற்கு "முன்தேர்தல்" என்று பெயர் வைத்தேன். யோகன் அண்ணை அதை "செமிஃபைனல்" என்றார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

ஒரு ஞாயிறு மதியம் யோகன் அண்ணை வீட்டு முன்னறையில் செமிஃபைனல் நடந்தது. இடமில்லாமல் மாடிப்படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். யோகன் அண்ணையின் மனைவி மூன்று தட்டு ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். இரண்டு வேட்பாளர்களும் பேசினார்கள். இருவரும் ஒன்றையே பேசினார்கள்; யோகன் அண்ணை நாற்பது நிமிடம், ரஞ்சினி அக்கா நான்கு நிமிடம். பிறகு கையை உயர்த்தச் சொல்லி எண்ணினோம். ரஞ்சினி அக்கா இரண்டு கை வித்தியாசத்தில் ஜெயித்தார்.

யோகன் அண்ணை முதலில் தட்டுகளைப் பார்த்தார். மூன்றும் காலி. பிறகு எங்களைப் பார்த்தார்.

"என்ர வீட்டு ரோல்ஸைத் திண்டுபோட்டு, கரட்டுக்குக் கை தூக்கியிருக்கிறியள்," என்றார். அறையில் சிலர் அப்போதும் மென்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பி நடக்கும்போது சுகந்தி வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். வேண்டுமென்றேதான். "பல் டாக்டர் ஜெயிச்சா நாடே சிரிக்குமா?" என்றேன் நான். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வீடு வந்து சேர்ந்ததும் சண்டை என் சமையலுக்குப் போனது, அங்கிருந்து எங்கள் கல்யாணத்துக்குப் போனது, பிறகு பொதுவாக இந்தியாவுக்கும் போனது. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: தேர்தல் முடியும்வரை வீட்டுக்குள் தேர்தல் பேச்சே கூடாது. நிலாவைக் கண்காணிப்பாளராக வைத்தோம். யாராவது வாய் தவறினால் அவள் பாராளுமன்றச் சபாநாயகர் மாதிரி "ஆர்டர், ஆர்டர்" என்று மேசையைத் தட்டுவாள். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

4

முடிவு வந்துவிட்டது, இனி எல்லோரும் ரஞ்சினி அக்கா பின்னால் நிற்பார்கள் என்று நினைத்தேன். நான் ரோல்ஸ் அணியாக இருந்தும் அன்றைக்கே மனதைத் தேற்றிக்கொண்டு கேரட் பக்கம் போய்விட்டேன். என் மகளின் தமிழ் எனக்குப் பெரிது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியது என் முட்டாள்தனம்.

யோகன் அணியினர் ஒவ்வொருவராகக் கோபித்துக்கொண்டார்கள். அன்றைக்கு வேலை இருக்கும் என்றார் ஒருவர், தேதி இன்னும் அறிவிக்காதபோதே. ரஞ்சினி அக்கா தன் வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணியில் சீனி வேண்டாம் என்று சொன்னது மரியாதைக் குறைவு என்றார் இன்னொருவர். வேறொருவர் பரமலிங்கம் அண்ணைக்கே போடப் போகிறேன், அவர் என்ன இருந்தாலும் ரோல்ஸ் தருகிற மனிதர் என்றார். பள்ளி சவுத்தாலுக்குப் போய்விட்டால் ரோல்ஸும் அங்கேதானே போகும் என்று கேட்டேன். அங்கே இன்னும் நல்ல ரோல்ஸ் கிடைக்கும் என்றார்.

கேரட் அணியும் சும்மா இருக்கவில்லை. ஜெயித்தவர்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம் அல்லவா? வாட்ஸ்அப் படத்தையெல்லாம் கேரட்டாக மாற்றினார்கள். யோகன் அணியைப் பார்த்து "கொலஸ்ட்ரால் கோஷ்டி" என்றார்கள். அட, வேண்டிய வாக்கை வைத்திருப்பவனை யாராவது கொலஸ்ட்ரால் என்று கூப்பிடுவார்களா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் நாற்பது வரி எழுதினேன். கேரட் பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளியையே இழப்பீர்களா, ரோல்ஸ் பெரிதா ழகரம் பெரிதா, பிளவுபட்ட வாக்காளர்களே, வரலாறு உங்களை மன்னிக்குமா என்றெல்லாம் கேட்டேன். எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது. பதிலாக இரண்டு கும்பிட்ட கைகள் வந்தன, ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம் வந்தது, இரண்டாம் அளவுச் சப்பாத்து, அதாவது ஷூ, யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு கேள்வி வந்தது. பாராட்டாகக் கட்டைவிரல் ஒன்றே ஒன்று. அது பரமலிங்கம் அண்ணையுடையது. நான் தவறிப்போய்ப் பள்ளியின் பொதுக் குழுவில் போட்டிருந்தேன்.

கடைசியில் யோகன் அண்ணையை நேரில் பார்க்கப் போனேன். கார் கழுவிக்கொண்டிருந்தார். கையில் குழாயோடு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சவுத்தாலுக்குப் போனால் நிலா தமிழை விட்டுவிடுவாள் என்று சொன்னேன்.

"நான் ரஞ்சினிக்கு எதிரில்லை, தம்பி," என்றார். "ஆனா கரட்டுக்காக மழைக்குள்ள வந்து வரிசையில நிக்க என்னால ஏலாது. மனசு கேக்காது."

காரைக் கழுவுகிற தண்ணீர் என் காலணிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஈரக் காலோடு வீட்டுக்கு வந்தேன். சுகந்தியிடம் புலம்ப வேண்டும்போல இருந்தது. நிலா மேசையருகில் கையை ஓங்கித் தயாராக உட்கார்ந்திருந்தாள். பேசாமல் சாக்ஸைக் கழற்றிக் காயப்போட்டேன்.

5

யோகன் அணியை மலைபோல நம்பிப் பயனில்லை என்று ரஞ்சினி அக்கா முடிவு செய்துவிட்டார். ஒரு சனிக்கிழமை பள்ளி வாசலில் என்னைப் பிடித்தார். இந்தியத் தமிழ்க் குடும்பங்கள் ஏழு இருக்கின்றன, பெற்றோர் இருவருக்கும் வாக்கு உண்டு, வேலைக்குப் போகிறவர்கள் போக உங்களையும் சேர்த்துப் பதினொரு வாக்கு வரும், அவர்களைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு என்றார். கணக்கெல்லாம் கைபேசியில் வைத்திருந்தார்.

"ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தாப் போதும். என்ர பேருக்கு நேர புள்ளடி போடச் சொல்லுங்கோ. அதை மட்டும் வடிவாச் சொல்லிவிடுங்கோ," என்றார்.

சரி என்று தலையாட்டினேன். பத்து வருடமாக யாழ்ப்பாணத்துக்காரியோடு குடும்பம் நடத்துகிறவன் நான். அவர்கள் சொல்வது எனக்குப் புரியாதா? "வடிவா" என்றால் நன்றாக. "புள்ளடி" என்றால் புள்ளி அடிக்க வேண்டும். அவர்கள் வேகத்தில் சேர்த்துச் சொல்கிறார்கள். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

எங்கள் ஏழு குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர், மதுரை, சென்னை, நாகர்கோவில் என்று ஆளுக்கொரு ஊர். பில்டர் காபியில் சிக்கரி போடலாமா என்பதில்கூட எங்களுக்குள் ஒத்துப்போகாது. ஆனால் ரோல்ஸ் எங்களுக்கு உயிரும் இல்லை, கேரட் எங்களுக்குப் பகையும் இல்லை. ஒவ்வொரு வீடாகப் போனேன். பிளவுபட்டுக் கிடக்கிற இந்தத் தேர்தலில் நாமாவது ஒன்றாக நிற்போம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பதினொரு பேருக்கும் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, நம் ஊர்த் தமிழில் தெளிவாக எழுதினேன்: ரஞ்சினி அக்கா பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கவும். கருப்பாக, அழுத்தமாக, கட்டத்துக்கு வெளியே போகாமல்.

கூடவே ஒரு படமும் வரைந்து போட்டேன். பென்சிலா பேனாவா என்று கோயம்புத்தூர் அக்கா கேட்டார். பேனா என்றேன். வேறு கேள்வியே வரவில்லை. எப்படி வரும்? நாங்கள் அத்தனை பேரும் நுழைவுத் தேர்வில் சின்னச் சின்ன வட்டத்தைக் கருப்பாக்கியே வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவர்கள்.

6

தேர்தலன்று மழை. பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் வாக்குப்பெட்டி. தேர்தல் அதிகாரி எங்கள் பெரிய வகுப்பு ஆசிரியர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். என் அணியின் மற்ற பத்துப் பேரும் சொன்ன நேரத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருந்தது.

வாக்குச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். "விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு எதிரே புள்ளடி இடுக" என்று அச்சடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளி, புள்ளியைத் தப்பாக அச்சடித்திருக்கிறது. மாஸ்டரிடம் சொன்னால் வருத்தப்படுவார் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அழகாக ஒரு புள்ளி வைத்துப் பெட்டியில் போட்டேன்.

வாக்களிப்பு முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது வாசலில் குடைகள் தெரிந்தன. யோகன் அண்ணை வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள், சீனிக்காகக் கோபித்தவர்வரை, ஒருவர் பாக்கியில்லாமல். நனைந்த கோட்டோடு நேராக ரஞ்சினி அக்காவிடம் போய், "பிள்ளையளுக்காக வந்தனாங்கள். கரட்டுக்காக இல்லை," என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றார். ரஞ்சினி அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். என் நாற்பது வரி வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு சீட்டாக விரித்து, மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் படித்தார். நடுவில் ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேனை கசிஞ்சு போச்சோ?" என்று தனியாக வைத்தார். அடுத்து இன்னொன்று. மூன்றாவது. ஆறாவது வந்தபோது நான் கைபேசியை எடுத்து, குழுவில் வரைந்து போட்ட படத்தைத் திறந்து பார்த்தேன். பரமலிங்கம் நாற்பத்துநான்கு, ரஞ்சினி முப்பத்தெட்டு என்று அறிவித்தார். செல்லாதவை பன்னிரண்டு.

நான் எழுந்தேன். "மாஸ்டர், அதுல பதினொண்ணு எங்க ஓட்டு. புள்ளி வைக்கச் சொல்லி நீங்கதான் போட்டிருக்கீங்க. சீட்டுல ஒரு எழுத்துப் பிழை இருக்கு, அவ்வளவுதான்."

எழுத்துப் பிழை என்று அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் மெதுவாக எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"இதுதான் புள்ளடி. புள் எண்டால் பறவை. பறவை கால் வைச்ச அடையாளம். நாங்கள் ஊரில அந்த நாளில இருந்து இப்பிடித்தான் வோட்டுப் போடுறனாங்கள்," என்றார். பிறகு பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். "இது புள்ளி. இதை மெய்யெழுத்துக்கு மேல வைக்கிறது, தம்பி. ஆளுக்கு நேர வைக்கிறேல்லை."

நான் பிறந்து வளர்ந்த ஊரில் வாக்களிப்பது பொத்தானை அழுத்தித்தான். பெருக்கல் குறி போட்டால் எங்களுக்கு அது தப்பு என்று அர்த்தம், வாத்தியார் போடுவது. இதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாருக்குப் போட நினைத்தார்கள் என்பது தெளிவாகத்தானே தெரிகிறது என்று ரஞ்சினி அக்காவும் வாதாடினார். பரமலிங்கம் அண்ணை சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டி, புள்ளடி அல்லாத வேறு எந்த அடையாளமும் செல்லாது என்ற வரியைக் காட்டினார். அந்த வரியை முன்பொரு காலத்தில் எழுதியவர் யோகன் அண்ணை.

பதினொன்றையும் சேர்த்திருந்தால் நாற்பத்தொன்பது. ஜெயித்திருப்போம். பன்னிரண்டாவது சீட்டில் யாரோ ஒரு ரோல்ஸ் படம் வரைந்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

ரோல்ஸ் அணியும் கேரட் அணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தன. பல வாரங்களாக நான் கெஞ்சிக் கேட்ட ஒற்றுமை அந்த நிமிடத்தில் வந்துவிட்டது. இத்தனைக்கும், அந்தத் தேர்தலில் ஒரு வாக்குகூடச் சிதறாமல் நின்ற ஒரே அணி என்னுடையது.

மருந்தகத்தில் வேலை முடிந்து, நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்த சுகந்தி கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு சொல்லு," என்றாள். "என்னட்ட ஒரு சொல்லுக்குக் கருத்துக் கேட்டிருக்கலாமே."

தேர்தலைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதானே இருந்தோம் என்று சொன்னேன். நிலாகூட மேசையைத் தட்டவில்லை. ஊரில் இருக்கிற பிளவுபட்ட வாக்காளர்களையெல்லாம் நாற்பது வரியில் திட்டியவன், சொந்தச் சமையலறையில் ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்காமல் பள்ளியைத் தொலைத்துவிட்டேன். அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

7

புதிய தவணைக்கு வகுப்புகள் சவுத்தாலில் தொடங்கின. எனக்கு இப்போது பள்ளியில் "புள்ளி அண்ணை" என்று பெயர். என் சனிக்கிழமை ஷிப்டுகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன். நானே கூட்டிப்போகிறேன், ஒரே ஒரு தடவை வந்து பார், பிடிக்கவில்லை என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று நிலாவிடம் பேரம் பேசினேன். தோளைக் குலுக்கிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

பிளேஸ்டோவில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி, ஒயிட்சேப்பலில் இறங்கி எலிசபெத் லைனுக்கு மாறினோம். பார்த்தால் பிளாட்பாரத்தில் எங்கள் பள்ளியே நிற்கிறது. முன்பக்க ஓரத்தில் யோகன் அண்ணையின் ஆட்கள், பின்பக்க ஓரத்தில் ரஞ்சினி அக்காவின் ஆட்கள். என்னைத் திட்டுவதற்காகச் சேர்ந்தவர்கள், திட்டி முடித்ததும் பழையபடி பிரிந்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் ஒரே ரயிலில் ஒரே பள்ளிக்குப் போகிறார்கள். பிள்ளைகள் மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் கழன்றுவந்து நடுப்பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். இரண்டு அணியிலும் என்னை யாரும் வா என்று கூப்பிடவில்லை. நானும் நடுப்பெட்டியில் ஏறினேன்.

நிலா தன் தோழி ஆரணியோடு உட்கார்ந்தாள். ஆரணி யோகன் அண்ணையின் மகள். நான் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, யாரும் என்னோடு பேசவில்லை என்பது தெரியாமல் இருக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதில் எதுவும் ஓடவில்லை. பேடிங்டன்வரை இருவரும் இங்கிலீஷில் பேசித் தள்ளினார்கள். எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மா புன்னகையோடு அதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள். வெளியாளுக்குத் தெரியக் கூடாத குடும்ப விஷயம் என்று தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினாள்.

"இவர்தானே புள்ளி வைக்கச் சொன்னவர்?"

"ஓம்," என்று ஒத்துக்கொண்டாள் நிலா. என்னை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, பொய் சொல்லவும் மனமில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "பாவம், அவர் இந்தியா. அவருக்குத் தமிழ் வடிவாத் தெரியாது. நாங்கள்தான் சொல்லிக் குடுக்கோணும்."

எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது. ஒரு இங்கிலீஷ் சொல் கிடையாது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஹெட்போனைக் கழற்றவில்லை. இன்னும் என்ன சொல்வாளோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டிருந்தேன்.